துப்பறிபவருக்குத் திருமணம் செய்து வைக்கலாமா?

கேள்வி: பெருநகரம் ஒன்றில் நடக்கும் துப்பறியும் தொடர்கதை எழுதி வருகிறேன். வழக்கு விஷயமாக வரும் பெண்ணுக்கும் துப்பறிபவருக்கும் காதல் உண்டாகிறது. இருவரும் சேர்ந்துவிட்டால் சுவை போய்விடும், கடைசிவரை பிரித்தே வையுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் வங்காளத் துப்பறியும் கதைகளின் நாயகன் பியோம்கேஷ் பக்ஷிக்குச் சீக்கிரமே கல்யாணம் ஆகிவிடுகிறதே? – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் நண்பர்களின் பயம் நியாயமானதுதான், ஆனால் நீங்கள் சுட்டியிருக்கும் உதாரணம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் தொடங்கிய அந்தக் கல்கத்தாக் கதைவரிசையில், பியோம்கேஷ் மணக்கப்போகும் சத்யவதி ஆரம்பக் கதைகளில் ஒன்றிலேயே வந்துவிடுகிறாள். உயிலை அடிக்கடி மாற்றி எழுதும் பழக்கமுள்ள கராளிபாபு என்ற செல்வர் படுக்கையிலேயே இறந்து கிடக்கிறார். குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கிவிட்டுப் பிடரியில் ஊசியைச் செருகியிருக்கிறார்கள். சந்தேகம் அவரை அண்டியிருந்த சுகுமாரின் மேல் விழுகிறது. அவனுடைய தங்கைதான் சத்யவதி. அவள் பேசுவதெல்லாம் அண்ணனைக் காப்பாற்றுவதற்காக, பியோம்கேஷ் கேட்பதெல்லாம் கொலையாளியைக் கண்டுபிடிப்பதற்காக. காதலுக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டிய அவசியமே ஆசிரியருக்கு ஏற்படவில்லை. கொலையை எடுத்துவிட்டால் அந்தக் காதலும் இல்லை. உங்கள் கதையில் வழக்கை உருவிவிட்டாலும் காதல் அப்படியே நிற்கும் என்றால், கவலைப்பட வேண்டியது திருமணத்தைப் பற்றி அல்ல.

மணமான பிறகு பியோம்கேஷ் மங்கிவிடவும் இல்லை. 1930-களின் பிற்பகுதியில் நின்றுபோன வரிசையை, 1950-களின் தொடக்கத்தில் ஆசிரியர் மீண்டும் கையில் எடுத்தபோது, உடம்பு தேறுவதற்காக வெளியூர் வந்திருக்கும் கணவனாகவே அவனைக் காட்டுகிறார். கூடவே மனைவியும், கதைசொல்லியான நண்பன் அஜித்தும் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்பவன் சொந்த வீட்டில் மனைவியின் கோபத்துக்குக் காரணம் தெரியாமல் விழிப்பது, பிரிவுத் துயரத்தைவிட எவ்வளவோ சுவையான விஷயம் என்பது என் எண்ணம்.

நண்பர்கள் சொல்லும் வழியிலும் வெற்றி கண்டவர்கள் உண்டு. ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1930-இல் எழுதிய நாவலில், முன்னாள் காதலனை ஆர்சனிக் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு லண்டன் நீதிமன்றக் கூண்டில் நிற்கும் ஹேரியட் வேனைப் பார்த்த மாத்திரத்தில், துப்பறிபவரான பீட்டர் விம்சி அவளை மணக்க முடிவு செய்துவிடுகிறார். அவளைத் தூக்குமேடையிலிருந்து மீட்டும்விடுகிறார். அப்படியும் அவள் சம்மதிப்பது 1935-இல் வெளிவந்த நாவலின் முடிவில்தான். இடையில் வில்லனும் இல்லை, கிடைக்காமல் போன கடிதமும் இல்லை. உயிரைக் காப்பாற்றியவருக்குப் பட்ட நன்றிக்கடனைக் காதலென்று ஏற்க அவளுடைய தன்மானம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தாமதம் பாத்திரத்தின் மனத்துக்குள்ளிருந்து வந்ததால்தான் அத்தனை ஆண்டுகள் வாசகர்கள் பொறுத்திருந்தார்கள். செல்போன் தொலைந்ததாலும் தவறாகப் புரிந்துகொண்டதாலும் நீட்டப்படும் பிரிவை மூன்றாவது வாரத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள்.

நகரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சத்யவதி வருவதற்கு முந்தைய பியோம்கேஷ் கதை ஒன்றில், கல்கத்தாவின் நெரிசலான தெருவைக் கடக்கும் மனிதர்கள் நெஞ்சில் கிராமபோன் ஊசி பாய்ந்து சுருண்டு விழுகிறார்கள். அத்தனை பேர் நடுவில் விழுந்தும் சுட்டவனை ஒருவரும் பார்ப்பதில்லை. கூட்டமும் இரைச்சலுமே கொலைகாரனுக்குத் திரையாகின்றன. சிற்றூரில் அந்தக் கொலை நடக்கவே முடியாது. உங்கள் நகரம் கதைக்குள் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். தெருப்பெயர்களை அடுக்கினால் மட்டும் நகரம் வந்துவிடாது.

ஆகவே, நாயகி ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கு அவளுக்கே உரிய வலுவான காரணம் ஒன்று உங்களிடம் இருக்குமானால், தாராளமாகக் காக்க வையுங்கள். இல்லையென்றால் நான்காம் அத்தியாயத்திலேயே தாலியைக் கட்டச் சொல்லிவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பத்தியில், புதுக்குடித்தனம் போன வீட்டின் மாடிப்படியில் அடுத்த பிணத்தைக் கிடத்துங்கள்.