அப்பா கணக்குக் கேட்கிறார்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 23 வயது. சொந்த ஊர் ராஜபாளையம். அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். பி.காம். முடித்து ஒன்றரை வருடமாகப் பெங்களூரில் இருக்கிறேன். பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி., டிரிபிள் ஷேரிங், சாப்பாட்டோடு 9,500 ரூபாய். சாப்பாடு என்று பெயர்தான். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். பாதி நாள் வெளியில்தான் சாப்பிடுகிறேன்.

என் பிரச்சினையே அப்பாதான். மாதம் பிறந்தால் வீட்டுக்கு 15,000 அனுப்பிவிடுகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால், "நாப்பதாயிரம் வாங்குறியேத்தா, மிச்சம் எங்க போகுது?" என்பதுதான் முதல் கேள்வி. ஷாம்பு வாங்கியதுவரை கணக்குச் சொல்ல வேண்டும். தம்பி இன்ஜினீயரிங் படிக்கிறான். அவன் கேட்டால் பைக்கே வருகிறது. அவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்த ஊரில் தொட்டதற்கெல்லாம் காசு. ரூம்மேட் மண்டியாக்காரி, கர்நாடகப் பெண் என்பதால் அவளுக்கு பி.எம்.டி.சி. டவுன் பஸ்ஸில் இலவசம். என் ஆதாரில் ராஜபாளையம் முகவரி இருப்பதால் நான் டிக்கெட் எடுக்க வேண்டும். மழை பெய்தால் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் போனதற்கு எவ்வளவு ஆனது என்று சொன்னால், "நாங்கல்லாம் பொழைக்கலையா?" என்கிறார் அம்மா. சித்தி மகள் சென்னையில் இருந்துகொண்டே நகைச்சீட்டு கட்டுகிறாளாம். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிரெடிட் கார்டில் 62,000 நிற்கிறது. மாதாமாதம் மினிமம் கட்டிவிடுவதால் அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. அந்த 40,000-கூட, ஆஃபர் லெட்டரில் இருந்த 4.8 லட்சத்தை அப்பா 12-ஆல் வகுத்த கணக்கு. என் கைக்கு 31,000-தான் வருகிறது. அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், நானும் விட்டுவிட்டேன், அது வேறு கதை. சம்பாதித்துப் போடுகிற மகளையே நம்பாத அப்பாவை என்ன செய்வது? பணம் அனுப்புவதை நிறுத்தினால்தான் என் அருமை தெரியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

அன்பு மகளே,

ஊரை விட்டு வந்து, மூன்று பேர் இருக்கும் அறையில் தங்கி, மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண் நீ. அதை உன் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் "அது வேறு கதை" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டாயே, உன் கதையே அதுதான்.

அப்பா போடும் கணக்கை நீயும் ஒரு முறை போட்டுப் பார். 40,000-இல் வீட்டுக்கு 15,000, பி.ஜி.க்கு 9,500 போனால் மிச்சம் 15,500. கல்யாணமாகாத பெண்ணுக்கு மாதம் இவ்வளவு மிஞ்சியும் கையில் சேமிப்பு இல்லையென்றால் எந்தத் தகப்பனும் கேட்பார். கேட்கவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன். உனக்கு உண்மையில் மிஞ்சுவது 6,500. அது உனக்கு மட்டும்தான் தெரியும். உன் அப்பா உன்னை நம்பாதவர் என்கிறாய். நீ மறுத்துச் சொல்லாத ஒரு தொகையை நம்பித்தான் அவர் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு நீ வாய் திறக்காததற்குக் காரணம் பாசம். அவர் தெருவில் தலைநிமிர்ந்து சொன்னதைக் குறைக்க உனக்கு மனம் வரவில்லை. புரிகிறது. ஆனால் தம்பிக்கு பைக் வாங்கியபோது, எந்தச் சம்பளத்தை மனதில் வைத்து வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தாயா? இல்லாத 9,000 ரூபாயை இருப்பதாக நினைத்து ஒரு குடும்பமே திட்டம் போடுகிறது. இதைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதை இனியும் பாசம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பணத்தை நிறுத்தி அருமையைக் காட்டுகிறேன் என்கிறாய். வேண்டாம். உண்மை தெரியாத மனிதரைத் தண்டிப்பதாகத்தான் அது முடியும்.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று மலைக்காதே. ஆஃபர் லெட்டரையும் போன மாதப் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அந்த 4.8 லட்சத்துக்குள்தான் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வருடக் கடைசியில் வந்தால் வரும் இன்சென்டிவ் எல்லாம் அடக்கம். அதற்குப் பிறகு உன் பங்கு பி.எஃப்., கர்நாடகத்தின் தொழில் வரி 200 ரூபாய். மில் தொழிலாளிக்கு பி.எஃப். பிடித்தம் என்றால் என்னவென்று நீ பாடம் நடத்த வேண்டியதில்லை. உன் வீட்டிலேயே இதைச் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்தான். அவரிடமே மறைத்திருக்கிறாய்.

மினிமம் கட்டினால் பிரச்சினை இல்லை என்பதும் தவறு. பெரும்பாலான கார்டுகளில் மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம் அளவுக்குத்தான், உனக்கு 3,100 வரும். வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தாலே, அதன் மேல் ஜி.எஸ்.டி.யோடு 2,500-ஐத் தாண்டும். அதாவது நீ கட்டுவதில் அசலுக்குப் போவது 500, 600 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றைக்கே வட்டி ஓடும். கார்டை எடுத்து உள்ளே வை. வங்கியில் பேசி, மொத்தத்தையும் குறைந்த வட்டியில் இ.எம்.ஐ.யாக மாற்றித் தரச் சொல். அது முடியும்வரை வீட்டுக்கு 8,000-க்கு மேல் உன்னால் அனுப்ப முடியாது. அதைச் சொல்லவும் நீ உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

தம்பியிடம் கணக்குக் கேட்காதது அநியாயம்தான். அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள். இப்போது எடுத்தால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

போனில் வேண்டாம், ஊருக்குப் போய்ச் சொல். அம்மாவும் கூட இருக்கட்டும். அப்பா கோபப்படுவார், சில நாள் பேசாமலும் இருப்பார். அதற்கு அவருக்கு நியாயம் உண்டு, பொறுத்துக்கொள். கார்டு கடனையும் அதே நாளில் சொல்லிவிடு. இன்றைக்குச் சம்பளம், அடுத்த மாதம் கடன் என்று பிரித்துச் சொன்னால், இன்னும் என்ன பாக்கி இருக்கிறதோ என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மனது அடித்துக்கொள்ளும்.