வீட்டில் கிடைத்த 1999 போகிமான் விளையாட்டுக் கார்டு ஒன்றுக்கு, சாரிசார்ட் ஹோலோவுக்கு (படம் மட்டும் மினுமினுக்கும் கார்டு), ஒருவர் ஐயாயிரம் ரூபாய் தருகிறார். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். அதிலும் இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இந்நேரம் அவர் உங்களுக்கு இரண்டு மூன்று முறை போன் செய்திருப்பார்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி வைத்திருந்த என் மாமா 1999இல் அமெரிக்கா போய்விட்டு வந்தபோது ஒரு போகிமான் பாக்கெட் வாங்கி வந்தார். உள்ளே பதினோரு கார்டு, அதில் ஒன்று சாரிசார்ட். அந்த விளையாட்டை எப்படி ஆடுவது என்று சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. படம் மினுமினுத்ததால் போட்டோ ஆல்பத்தில் செருகி வைத்தேன். அதனால்தான் அது பிழைத்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் அதை வாங்க வந்தான். பேக்கரியில் டீ சொல்லிவிட்டுக் கார்டைக் காட்டினேன். செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “ஏனுங்ணா, இது சாதா அன்லிமிடெட்டுங், நெறைய அடிச்சதுங். ஹோலோ மேல கோடு வேற உழுந்திருக்குதுங். ரெண்டாயிரம்னா எடுத்துக்கறேனுங்” என்றான். “தம்பி, படத்துக்கு வலது பக்கம் நிழல் இருக்குதுங்களா, பாருங்க” என்றேன். பேச்சே இல்லை. “சரி, கீழ இருக்கற பொடி எழுத்தப் படிங்க” என்றேன். டீ ஆறுவதற்குள் இரண்டாயிரம் பதினைந்தாயிரம் ஆகிவிட்டது. கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். படச் சட்டத்தின் வலது ஓரத்தில் சாம்பல் நிற நிழல் விழுந்திருந்தால் அது பிற்பாடு நிறைய அச்சடித்த அன்லிமிடெட். நிழல் இல்லாமல், அடியில் உள்ள காப்புரிமை வரியில் 95, 96, 98 என்பதோடு 99ம் சேர்ந்திருந்தால் அது ஷேடோலெஸ், முந்தைய அச்சு. படத்துக்குக் கீழே இடது பக்கம் முதல் பதிப்பு முத்திரையும் இருந்தால் தூக்கம் போய்விடும். எண் 4/102 என்று இருக்க வேண்டும். 4/130 என்றால் அது 2000இல் மறுபதிப்பாக வந்த இரண்டாம் பேஸ் செட், விலை குறைவு. படம் மட்டுமில்லாமல் கார்டு முழுக்கப் பளபளத்தால் போலி. நம்மூர்ப் பெட்டிக்கடைகளில் விற்றது பெரும்பாலும் அதுதான்.

2022இல் ஒரு சாரிசார்ட் 4,20,000 டாலருக்குப் போன செய்தியைப் படித்துவிட்டுக் கனவு காணவும் வேண்டாம். அது முதல் பதிப்பு, கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ என்ற நிறுவனம் பத்துக்குப் பத்து கொடுத்தது. மூலை வெளுத்து, ஹோலோவில் கீறல் விழுந்த கார்டுக்கு அதில் சிறு பங்குகூட வராது. ஈபே இணையச் சந்தையில் ஆள் ஆளுக்குப் போட்டு வைத்திருக்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள்.

ஒரு அட்டைக்கா இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்பார்கள். நான் வியாபாரி இல்லை, கார்டை விற்கவும் இல்லை. ஆனால் ஒரு பொருளின் விலையை அதை வாங்க வருகிறவன் வாயால் கேட்டு நம்பினால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அப்புச்சியின் தொட்டிக்கட்டு வீட்டை இடித்தபோது தேக்குத் தூண்களை ‘உளுத்த மரமுங்க’ என்று சொல்லி ஒரு பழைய சாமான் வியாபாரி விறகு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஒரு தூணிலும் உளுப்பு இல்லை, நானே தட்டிப் பார்த்தவன். வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். சின்னப் பையன் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தூண்கள் இப்போது எந்த ரிசார்ட்டில் நிற்கின்றனவோ. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கார்டைத் துணியால் துடைக்காதீர்கள், லேமினேஷன் கடைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதை டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் செருகி வையுங்கள். அடி வரியைத் தெளிவாகப் படம் எடுத்துப் போட்டால் எந்த அச்சு என்று சொல்கிறேன். அதுவரை அந்த ஆள் போன் செய்தால் எடுக்க வேண்டாம்.