ஓ.பி.இ. வாங்கியவரை 'சர்' என்று அழைக்கலாமா?

மாமாவுக்கு லண்டனில் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்திருக்கிறது. பாராட்டு விழா அழைப்பிதழில் 'சர்' என்று அச்சிடலாமா?

கூடாது. 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் ஏற்படுத்திய இந்த 'பிரிட்டிஷ் பேரரசு' விருதில் மேலிருந்து கீழாக ஐந்து படிகள்: ஜி.பி.இ., கே.பி.இ. (பெண்களுக்கு டி.பி.இ.), சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. முதல் இரண்டுக்கு மட்டுமே 'சர்', பெண்களுக்கு 'டேம்'. மாமா தன் பெயருக்குப் பின்னால் ஓ.பி.இ. என்று போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, 'சர்' இயற்பெயரோடுதான் ஒட்டும். சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி 'சர் வெங்கி'; 'சர் ராமகிருஷ்ணன்' என்றால் தப்பு. (2012-இல் அவருக்கு வந்தது நைட் பேச்சிலர் என்ற தனிச் 'சர்' பட்டம், அது இந்த ஐந்து படிகளில் சேராது.)

இந்தியக் குடிமக்களுக்குத் தருவார்களா?

கௌரவ விருதாகத் தருவார்கள், 'சர்' கிடையாது. ரத்தன் டாடா 2014-இல் ஜி.பி.இ. வரை போனார்; அப்போதும் 'சர்' ஆகவில்லை. நம் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவும் அயல்நாட்டுப் பட்டங்களைத் தடுக்கிறது.

ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி?

யாரும் செய்யலாம், தன்னைத் தவிர. விண்ணப்பத்தோடு, அவரை நேரில் அறிந்த இருவரின் ஆதரவுக் கடிதங்களாவது வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: வகித்த பதவிகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். சங்கத்துக்கு எத்தனை வருடம் தலைவர் என்பது பொருட்டல்ல. அவரால் யாருக்கு என்ன மாறியது என்பதை எழுதுங்கள். முடிவு வர 12 முதல் 18 மாதம் ஆகலாம். அதுவரை அவர் காதுக்குப் போகக் கூடாது.

எப்படி அணிவது?

ஓ.பி.இ., எம்.பி.இ. பதக்கங்களை ஆண்கள் இடது மார்பில் நாடாவில் தொங்கவிடுவார்கள். பெண்கள் நாடாவை வில்முடிச்சாகக் கட்டிக் குத்திக்கொள்ளலாம். ஆண்களுக்குச் சி.பி.இ. கழுத்தில். நாடா ரோஜா நிறம், ஓரங்களில் முத்துச் சாம்பல். ராணுவப் பிரிவுக்கு நடுவிலும் ஒரு சாம்பல் கோடு. (ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2019-இல் எம்.பி.இ. பெற்றபோது, இந்தப் பதக்கங்களைக் கையால் தைத்துவந்தவர் தன் தாய் என்றார்.) காலமான தந்தையின் பதக்கத்தை மகன் அணிவதானால் வலது மார்பில்தான்.

பெற்றவர் இறந்தால் திருப்பித் தர வேண்டுமா?

ஓ.பி.இ., எம்.பி.இ. என்றால் வேண்டாம், குடும்பமே வைத்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவர் குற்றத்துக்காக 3 மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ, தொழில்முறை அமைப்பின் கண்டனத்துக்கு ஆளானாலோ, வேறு வகையில் விருதுக்கு அவப்பெயர் தேடித் தந்தாலோ, விருதைப் பறிப்பது பற்றிப் பறிப்புக் குழு பரிசீலிக்கும். மன்னர் ஒப்புதல் தந்தால் பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அரசிதழான லண்டன் கெசட்டில் அறிவிப்பும் வரும்.