தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் ஆங்கிலம் படிப்பிக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. தங்கச்சி நிரந்தர வதிவிட உரிமையோடு குடும்பமாகக் கனடாவிலுள்ள ஸ்காபரோ போய்விட்டாள். வயது 43. ஆங்கிலம் பேசப் பயம், அதனால் வேலையும் சரிவரவில்லை. இங்கேயிருந்து வட்ஸ்அப்பில் படிப்பிக்கலாமா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: தாராளமாகப் படிப்பியுங்கள் ரீச்சர், ஆனால் அதோடு மட்டும் நிற்கவேண்டாம். கனடாவில் லிங்க் (LINC) என்ற மத்திய அரசின் இலவச ஆங்கில வகுப்பு 1992 முதல் நடக்கிறது, முதலில் ஆங்கிலத்தைச் சோதித்து நிலை சொல்வார்கள், பிறகுதான் வகுப்பு. சில இடங்களில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. ஆனால் குடியுரிமை எடுத்துவிட்டால் அதில் சேர முடியாது. "பிறகு பார்ப்பம்" என்று வருடங்களைத் தள்ளும் எங்கள் சனத்துக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சரி, உங்கள் பங்கு. பாடசாலையில் போல இறந்தகாலம், நிகழ்காலம் என்று தொடங்காதீர்கள். அவ விண்ணப்பிக்கிற வேலை விளம்பரத்தையே படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வீடியோவை நிறுத்திவிட்டு, நீங்கள் சுப்பவைசராக "கேன் யூ வேர்க் வீக்கெண்ட்ஸ்?" என்று கேளுங்கள், ஏனென்றால் பல இடங்களில் முதல் நேர்முகம் தொலைபேசியில்தான். விளங்காவிட்டால் "சொறி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்று கூச்சமில்லாமல் கேட்க வந்தாலே பாதிப் பயம் போய்விடும். இடையில் மறித்துத் திருத்தவேண்டாம், பேசி முடிந்தபின் ஒரு பிழை போதும்.

நேரம்? இங்கே விடிய 6 மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. சமையல் முடிந்திருக்கும்.