6ஜி சான்றிதழ் கூடவே வருமா?

கேள்வி: பைப் வெல்டிங்கில் எட்டு வருட அனுபவம். கம்பெனி கொடுத்த 6ஜி (45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப்பை அடிக்கும் டெஸ்ட்) சான்றிதழ் கையில் இருக்கிறது. அதுவே போதும், வெளிநாட்டில் டெஸ்ட் வைக்க மாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
– ஒரு வெல்டர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்ப வேண்டாம். சான்றிதழ் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிநூலின் செக்‌ஷன் 9 படி வாங்கியது என்றால், அதற்குப் பொறுப்பு உங்களைச் சோதித்த கம்பெனிதான். புதுக் கம்பெனி பெரும்பாலும் மறுபடி டெஸ்ட் வைக்கும். ஐஎஸ்ஓ 9606-1 (வெல்டர் தேர்வுக்கான சர்வதேசத் தரம்) என்றால் கொஞ்சம் தேவலை. ஆனால் அதிலும் ஆறு மாதத்துக்கு ஒரு கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். ஏஎஸ்எம்இ-யிலும் ஒரு வெல்டிங் வகையை ஆறு மாதம் அடிக்காவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். அதனால் சான்றிதழோடு, கையெழுத்துள்ள தொடர்ச்சிப் பதிவின் நகலையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு யாரும் தேடித் தரமாட்டார்கள்.

சான்றிதழில் பைப் அளவைப் பாருங்கள். ஏஎஸ்எம்இ-யில் 6 இன்ச் பைப்பில் தேறியவருக்கு 73 மி.மீ. வெளிவிட்டமும் அதற்கு மேலும்தான் செல்லும். 2 இன்ச்சில் தேறியிருந்தால் 25 மி.மீ.யிலிருந்தே செல்லும். தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால் சின்ன பைப்பில் டெஸ்ட் கொடுங்கள்.

டெஸ்டில் பலர் விழுவது ரூட்டில்தான் (இணைப்பின் அடியில் போடும் முதல் வரிசை), அதுவும் டாக் (பைப்புகளைப் பிடித்து நிறுத்தப் போடும் சின்ன வெல்டு) சேருமிடத்தில். டாக்கின் இரு முனைகளையும் கிரைண்டரால் சரிவாக மெலித்தால்தான் ரூட் அதோடு உருகிச் சேரும். இல்லையென்றால் எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பாதியை அடித்ததும் சுருக்கத்தில் எதிர்ப்பக்க இடைவெளி குறுகும். அடுத்த பாதியைத் தொடங்குமுன் அதைச் சரிபாருங்கள். இ7018 ராடு (ஈரம் ஆகாத வெல்டிங் ராடு), அதைச் சூடாக வைக்கும் அடுப்பிலிருந்து வெளியே வந்தால் வழக்கமான கணக்கு 4 மணி நேரம். அதற்கு மேல் ஈரம் ஏறும். துளை விழும், விரிசலும் வரலாம். வெல்டு துண்டை வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்டில் 3 மி.மீ.க்கு மேல் பிளவு திறந்தால் ஃபெயில்.

அனுபவக் கடிதத்தில் ‘நல்ல உழைப்பாளி’ என்று எழுதித் தந்தால் பிரயோசனமில்லை. ரூட் அடித்தது டிக்கா (வாயுக் கவச வெல்டிங்) ஆர்க்கா (ராடு வெல்டிங்), கார்பன் ஸ்டீலா ஸ்டெயின்லெஸ்ஸா, பைப் அளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். போகும் நாடு 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அரசு ஆவணங்களுக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று நம் அரசு தரும் சான்று) முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகச் சான்று வேண்டும்.

ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: டெஸ்ட் எந்த விதிநூல்படி (ஏஎஸ்எம்இ-யா, ஐஎஸ்ஓ-வா), எந்த அளவு பைப்பில், ஃபெயிலானால் திரும்பும் டிக்கெட் யார் செலவு? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.