மவுண்ட் கெம்ப்லாவில் வீடு வாங்கலாமா? பழைய நிலக்கரிச் சுரங்க ஊராமே, இருக்க எப்படி?

தாராளமாக வாங்கலாம். மலையும் மரமும் பிடிக்கும் என்றால் ஆஸ்திரேலியாவின் வொலாங்காங் நகரத்துப் பக்கம் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான், ஆனால் மேலே ஏறியதும் பாதி கிராமம். மேய்ச்சல் நிலம், பின்னால் மழைக்காடு, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய சின்னச் சின்ன மர வீடுகள். கடைகண்ணி குறைவு, எதற்கும் காரை எடுத்துக்கொண்டு கீழே வர வேண்டும்.

சுரங்க ஊர் என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். 1902 ஜூலை 31, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அந்தச் சுரங்கம் வெடித்தது. 96 பேர் செத்துப்போனார்கள். அதில் இருவர் மீட்கப் போனவர்கள். ஒருவர் வொலாங்காங்கின் முன்னாள் மேயர் ஹென்றி மக்கேப். கரி எடுத்து முடித்த பெரிய வெற்றிடத்தில் மேற்கூரை சரிந்து, அங்கே தேங்கியிருந்த மீத்தேன் என்ற எரிவாயு ஆட்கள் வேலை செய்யும் பக்கம் தள்ளப்பட்டு, விளக்குச் சுடரில் பற்றிக்கொண்டது. நிறையப் பேரைக் கொன்றது நெருப்புகூட இல்லை, அதற்குப் பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. இந்தச் சுரங்கத்தில் வாயுவே கிடையாது என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் ஆட்கள் மூடாத விளக்கோடுதான் உள்ளே போனார்கள். சுடரைக் கம்பி வலையால் மூடிய பாதுகாப்பு விளக்கு கண்டுபிடித்து அப்போதே எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது! அது இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்றுதான் விசாரணை ஆணையமும் சொன்னது. எனக்கு இன்றும் ஆறவில்லை. அதே சுரங்கம் திரும்பத் திறந்து 1970 வரை ஓடியது.

இறந்தவர்களில் பலர் விண்டி கல்லி இடுகாட்டில் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வருடா வருடம் நினைவுநாள் நடத்துகிறார்கள். குடிபோனால் அவசியம் கலந்துகொள்ளுங்கள், ஊரோடு ஒட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம், வீட்டு விஷயம். விற்பனை ஒப்பந்தத்தோடு வரும் 10.7 திட்டமிடல் சான்றிதழை (திட்டமிடல் சட்டத்தின் 10.7 பிரிவுப்படி உள்ளூர் நகராட்சி தருவது) வக்கீலிடம் விட்டுவிடாமல் நீங்களே படியுங்கள். மனை சுரங்கத்தால் நிலம் தாழக்கூடிய பகுதிக்குள் வருகிறதா, காட்டுத்தீ அபாயப் பகுதியா என்று அதில் இருக்கும். காடு ஒட்டிய மனை என்றால் காப்பீட்டுத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.