கருங்குரங்கு லேகியமும் எலி டெஸ்டும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. பல வருஷமாக இளைப்பு, கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. கம்பத்திலிருந்து ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். அங்கே ஒருவரிடம் கருங்குரங்கு லேகியம் வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். இளைப்பு நின்றுவிட்டது, இன்ஹேலரையும் விட்டுவிட்டார். முகம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது, பசி அதிகம், சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. "எலிக்குக் கொடுத்து டெஸ்ட் பண்ணினது, பக்கவிளைவே கிடையாது" என்கிறார் விற்பவர். தொடரலாமா?

பதில்: தொடரக் கூடாது. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நாளைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முகம் உப்புவது, அடங்காத பசி, ஏறும் சர்க்கரை, பல வருஷ இளைப்பு சட்டென்று நின்றது, இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் லேகியத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம். இளைப்புக்கும் மூட்டு வலிக்கும் விற்கும் பெயரில்லாத மருந்துகளில் இது அடிக்கடி நடக்கும் கலப்படம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

சரி, எலி விஷயத்துக்கு வருகிறேன். எலிச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று ரோகு, கட்லா மாதிரி கெண்டை வகை மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கி, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. அந்த மாதிரிப் பித்தநீரை எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் அடி வாங்கியது அதே சிறுநீரகமும் ஈரலும்தான். அந்த மாதிரி விஷத்தை எலி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் "டெஸ்ட் பண்ணினது" என்றால் எந்த டெஸ்ட்? முதல் கட்டத்தில் ஒரே ஒரு வேளை கொடுத்து, எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை போய், 14 நாள் பார்ப்பார்கள். எலி சாகவில்லை, சுருண்டு படுக்கவில்லை என்றால் அந்தக் கட்டம் தேறியது. உங்கள் வீட்டு லேகியத்தில் நான் சந்தேகிக்கிற ஸ்டீராய்டு இருந்தாலும் எலி இதில் பிழைத்துக்கொள்ளும், ஒரே ஒரு தடவை கொடுக்கும் ஸ்டீராய்டில் பொதுவாக எலி சாவதில்லை. தினமும் சாப்பிடுகிற மருந்துக்கு 28 நாள், 90 நாள் என்று தினமும் கொடுத்து, ரத்தம் எடுத்து, கடைசியில் ஈரலையும் சிறுநீரகத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதிலும் தேறினாலும், சோதித்தது இளைப்போ சர்க்கரையோ இல்லாத, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத இளம் எலியை. எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் மனிதனுக்கு வரும் குமட்டல் வாந்தி அதில் தெரியவே தெரியாது. இதற்கெல்லாம் மேல், அவர்கள் சோதித்த சரக்கும் உங்கள் டப்பாவில் இருப்பதும் ஒன்றா என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

இந்த லேகியத்துக்கு அந்தக் கேள்வி கூட வராது. கருங்குரங்கு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிற, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்கிற விலங்கு. அதன் கறியை வைத்து மருந்து செய்து, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு எலியில் சோதித்தோம் என்று எந்த நேர்மையான ஆய்வகமும் எழுதித் தர முடியாது. விற்பவர் சொல்வது பொய். உள்ளே நிஜமாகவே குரங்கு இருந்தால் வாங்கி வைத்திருக்கிற உங்கள் மேலும் வழக்கு வரலாம், இந்த மருந்துக்காகவே அந்த விலங்கைச் சுட்டுச் சுட்டு எத்தனையோ காடுகளில் இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

கம்பம் அரசு மருத்துவமனையிலோ தேனி மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள். டப்பாவையும், சாப்பிடும் சர்க்கரை மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை ஸ்பூன், எத்தனை வேளை என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பார்ப்பார்கள். டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலரை இன்று இரவே மறுபடி ஆரம்பிக்கட்டும். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, தொடர்ந்து வாந்தியோடு தலை சுற்றினாலோ நாளை வரை காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.